ஐந்து நட்சத்திரம் கொடுத்தது யார்?

ஜனவரி வந்துவிட்டால் தமிழ் முகநூலில் இரண்டு வகைப் பட்டியல்கள் வரிசைகட்டும். ஒன்று, போன வருஷம் படித்த புத்தகங்களின் பட்டியல். இது டிசம்பர் கடைசி வாரத்திலேயே ஆரம்பித்துவிடும். இன்னொன்று, சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கியவற்றின் பட்டியல். கட்டில் மேலோ சாப்பாட்டு மேசை மேலோ புத்தகங்களை அடுக்கி, முதுகில் இருக்கும் பெயர்கள் தெரிகிற மாதிரி எடுத்த படம். மொழிபெயர்ப்பு நாவல்கள், கட்டுரைத் தொகுப்புகள், இரண்டு மூன்று கவிதைப் புத்தகங்கள். அதே பையில் வந்த கோலப் புத்தகம், பிள்ளைக்கு வாங்கின இலக்கண கைடு, மாமியார் கேட்ட ராசிபலன் எல்லாம் படத்துக்கு வெளியே நிற்கும்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. நாலு பேர் பார்க்கப்போகிறார்கள் என்றால் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொள்வது போலத்தான் இதுவும். ஆனால் இந்தப் பட்டியல்களைப் பார்த்துத்தான் நம்மில் பலர் அடுத்த புத்தகத்தை வாங்குகிறோம். அதனால் அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று பார்த்துவைப்பது நல்லது.

வாங்கியதற்கும் படித்ததற்கும் உள்ள தூரத்தை ஒருவர் விளையாட்டாக அளந்து பார்த்திருக்கிறார். அவர் ஜோர்டன் எல்லன்பர்க், அமெரிக்கக் கணிதப் பேராசிரியர். 2014இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் இதைப் பற்றி எழுதினார். ஒரு கிண்டில் மின்னூலில் அதிகம் பேர் கோடிட்டுவைத்த ஐந்து பகுதிகள் எவை என்று அப்போது யாரும் பார்க்க முடிந்தது. அந்த ஐந்தும் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று எடுத்து, சராசரி கண்டு, மொத்தப் பக்கங்களால் வகுத்தார். எல்லாரும் கடைசிவரை படித்திருந்தால் கோடுகள் புத்தகம் முழுக்கப் பரவிக் கிடக்கும். முதல் அத்தியாயத்தோடு மூடிவைத்திருந்தால் எல்லாக் கோடும் முன்பக்கத்திலேயே குவியும். காலத்தைப் பற்றி ஸ்டீபன் ஹாக்கிங் எழுதிய பிரபலமான நூலுக்கு 6.6 சதவீதம் வந்தது. அந்த வருஷம் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த தாமஸ் பிக்கெட்டியின் பொருளாதார நூலுக்கு 2.4. டானா டார்ட்டின் ஒரு நாவலுக்கோ 98.5. இது வேடிக்கைக் கணக்குதான். முன்னுரையில் கோடு போட்டவர் கடைசிவரை படித்துமிருக்கலாம். இருந்தாலும் நாவலுக்கும் ஹாக்கிங்குக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைப் பார்த்தால், நம் வீட்டு அலமாரியில் எந்தத் தட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று புரிந்துவிடும்.

வாசகர்கள் தங்கள் அலமாரியை இணையத்தில் திறந்து காட்டுவதற்கென்றே தளங்கள் வந்தது இந்த நூற்றாண்டில்தான். 2005இல் டிம் ஸ்பால்டிங் லைப்ரரிதிங்கைத் தொடங்கினார். அது நூலகர் மனம் கொண்டவர்களுக்கானது. பதிப்பு, அளவு, வகைப்பாட்டு எண் என்று பிரித்துப் பிரித்து அடுக்கலாம். 2007 ஜனவரியில் ஓடிஸ் சாண்ட்லரும் எலிசபெத் குரி சாண்ட்லரும் குட்ரீட்ஸைத் தொடங்கினார்கள். நண்பர் வீட்டுக்குப் போனால் முதலில் அவர் புத்தக அலமாரியை நோட்டம் விடுவோமே, அதை இணையத்தில் செய்வதுதான் யோசனை. யோசனை பலித்தது. 2013இல் அமேசான் அதை வாங்கியது. புத்தகம் விற்கிறவரே புத்தகம் எப்படி என்று சொல்லும் இடத்துக்கும் சொந்தக்காரர் ஆனார்.

குட்ரீட்ஸில் ஐந்து நட்சத்திரங்களுக்கும் தனித்தனி அர்த்தம் உண்டு. நட்சத்திரத்தின் மேல் சுட்டியை வைத்தால் தெரியும். ஒன்று என்றால் பிடிக்கவில்லை. இரண்டு என்றால் பரவாயில்லை. மூன்று என்றால் பிடித்திருந்தது. நாலு என்றால் ரொம்பப் பிடித்திருந்தது. ஐந்து என்றால் அற்புதம். அதாவது மூன்று நட்சத்திரம் என்பது பாராட்டு. மதிப்பெண் அட்டையோடு வளர்ந்த நம் ஊர் வாசகருக்கு இது மண்டையில் ஏறுவதே இல்லை. ஐந்துக்கு மூன்று என்றால் நூற்றுக்கு அறுபது, பெயிலாகவில்லை, அவ்வளவுதான். அதனால் தெரிந்த எழுத்தாளர் என்றால் ஐந்து, தெரியாதவர் என்றால் நாலு, ஆள் மேல் கோபம் என்றால் ஒன்று. இரண்டும் மூன்றும் அநேகமாகக் காலியாகக் கிடக்கும். சராசரி எடுத்தால் எல்லாத் தமிழ்ப் புத்தகமும் நாலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

நட்சத்திரம் புத்தகத்தைப் பற்றிச் சொல்வதைவிட, அந்தப் புத்தகத்திடம் யார் வந்துசேர்ந்தார்கள் என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. இதை அழகாகக் காட்டிய ஓர் ஆய்வு உண்டு. பலாஷ் கோவாச், அமண்டா ஷார்க்கி என்ற இருவரும் 2014இல் வெளியிட்டது. பரிசு வென்ற ஆங்கில நூல்களையும், அதே பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்து தோற்ற நூல்களையும் ஜோடி ஜோடியாக எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 64 புத்தகங்கள். அவற்றுக்கு குட்ரீட்ஸில் வந்த 38,817 மதிப்புரைகளைப் பார்த்தார்கள். பரிசு வென்றதும் புத்தகத்தின் மதிப்பு ஏறியிருக்கும் என்றுதானே நினைப்போம்? இறங்கியிருந்தது. தோற்ற புத்தகங்களைவிட வென்ற புத்தகங்களுக்கு அறிவிப்புக்குப் பின் நட்சத்திரம் குறைந்தது.

காரணம் எளிது. பரிசுக்கு முன்னால் அந்தப் புத்தகத்தை எடுத்தவர்கள், அந்த மாதிரி எழுத்தைத் தேடி வந்தவர்கள். பரிசு கிடைத்ததும், இல்லாவிட்டால் அந்தப் பக்கமே வந்திருக்காத ஒரு கூட்டம் வருகிறது. அவர்களுக்கு அது ஒத்துப்போவதில்லை. போதாததற்கு எதிர்பார்ப்பும் ஏறிப்போயிருக்கிறது. வழக்கமாக டிசம்பரில் வரும் சாகித்திய அகாதெமி விருது அறிவிப்புக்குப் பிறகு தமிழிலும் இதே நாடகத்தைப் பார்க்கலாம். அதுவரை நூறு பேர் சத்தமில்லாமல் கொண்டாடிக்கொண்டிருந்த நாவலை ஆயிரம் பேர் அவசரமாக வாங்குவார்கள். பொங்கல் முடிவதற்குள் 'இதுக்கா அவார்டு?' என்று பதிவு வரும். புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது.

தமிழ்ப் புத்தகங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, அது வெறும் குமாஸ்தா வேலை சம்பந்தப்பட்டது. கல்கியின் பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்வோம். 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஐந்து பாகம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஏராளமான பதிப்பகங்கள் அச்சடிக்கவும் செய்கின்றன. ஐந்து பாகமும் தனித்தனியாக, ஒரே பெட்டியில், ஒரே தடிமனான புத்தகமாக, ஆங்கிலத்தில், மின்னூலாக. இணையப் பட்டியலில் இவை தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலுமாக, ஆங்கிலத்திலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் பதிவாகின்றன. யாராவது உட்கார்ந்து இவற்றை இணைக்காவிட்டால் ஒரே நாவலுக்கான நட்சத்திரங்கள் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கும். அந்த யாராவது, குட்ரீட்ஸில், சம்பளம் வாங்காத தன்னார்வலர். கல்கிக்கு வாசகர் பட்டாளம் இருப்பதால் ஆள் கிடைக்கிறார்கள். ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்கூட இல்லாமல் ஒரு சிறு பதிப்பகம் கொண்டுவந்த சிறுகதைத் தொகுப்புக்கு? அது பட்டியலிலேயே இருக்காது. பட்டியலில் இல்லாததைப் படித்ததாகக் குறிக்கவும் முடியாது.

அதனால்தான் தமிழ் வாசகர்கள் இத்தகைய தளங்களைவிட முகநூலையே நம்பினார்கள் என்று நினைக்கிறேன். அங்கே படிவம் நிரப்ப வேண்டாம். அட்டைப்படத்தைப் போட்டு நாலு பத்தி எழுதினால் போதும். நாளிதழ்களில் புத்தக மதிப்புரைக்கு இடம் சுருங்கிவிட்டது. நல்ல புத்தகக் கடை பெரிய ஊர்களில்தான் இருக்கிறது. முன்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு படி அச்சடித்த புத்தகம் இப்போது முந்நூறு, நூறு என்று தேவைக்கேற்ப அச்சாகிறது. இப்படிப்பட்ட இடத்தில் தருமபுரியிலோ டொரன்டோவிலோ இருக்கும் ஒருவருக்கு, இந்த நூல் வந்திருக்கிறது என்ற தகவலே வாசகர் பதிவு மூலம்தான் போய்ச்சேர்கிறது. ஆங்கில வாசகருக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு. தமிழில் விளம்பரம், மதிப்புரை, நூலடைவு மூன்றின் வேலையையும் சேர்த்து இதுதான் பார்க்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு இணையத்துக்கு முந்தைய வரலாறும் உண்டு. வாடகை நூலகங்களில் புத்தகம் எடுத்தவர்களுக்குத் தெரியும். சென்னையில் ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி 1955இல் தொடங்கியது. சின்ன ஊர்களிலும் தெருவுக்கு ஒன்று இருந்த காலம் உண்டு. பின்னட்டைக்கு உள்ளே ஒட்டிய தேதிச் சீட்டில் வரிசையாக முத்திரை விழுந்திருந்தால் ஓடுகிற புத்தகம். இரண்டே முத்திரை என்றால் யோசிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் பென்சிலில் 'சூப்பர்', 'செம போர்', 'முடிவு சரியில்லை' என்று முன்னால் படித்தவர்கள் எழுதிவைத்திருப்பார்கள். துப்பறியும் நாவலின் இருபதாம் பக்கத்திலேயே 'தம்பிதான் கொலைகாரன்' என்று எழுதிவைத்த புண்ணியவான்களும் இருந்தார்கள். அந்த வீச்செழுத்தை அடிக்கடி பார்த்துப் பழகிவிட்டால், இந்த ஆள் போர் என்று சொன்னால் நமக்குப் பிடிக்கும் என்ற அளவுக்கு ஒரு கணக்கு வந்துவிடும்.

எழுத்தாளர்கள் மத்தியில் பட்டியலைப் பெரிய விவகாரமாக்கியவர் க.நா.சுப்ரமண்யம் (1912–1988). நல்ல நாவல்கள் இவை, நல்ல சிறுகதைக்காரர்கள் இவர்கள் என்று பெயர்களை அடுக்குவார். விட்டுப்போனவர்கள் கொதித்தார்கள். விடுபடாதவர்களில் சிலரும் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்த்துக் கொதித்தார்கள். பட்டியல் போடுவது விமர்சனமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. சி.சு. செல்லப்பா அதற்கு எதிர்நிலை எடுத்தவர். பிடித்திருக்கிறது என்றால் எதனால் என்று அலசிக் காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். விற்காத புத்தகங்களைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போனார். இருவரில் யார் பக்கம் நியாயம் என்று இன்றும் சண்டை நடக்கிறது. ஒரு புது வாசகனாக நூலகத்துக்குள் நுழைகிற பையனுக்கு க.நா.சு.வின் பட்டியல்தான் உடனே உதவும் என்பது என் கட்சி. பத்துப் புத்தகம் தாண்டிய பிறகு செல்லப்பா இல்லாமல் முடியாது.

இன்றைய பதிவுகளில் க.நா.சு. வகை தாராளமாக இருக்கிறது. செல்லப்பா வகை அபூர்வம். நடுவில் புதிதாக ஒன்று நுழைந்திருக்கிறது, அதுதான் எண்ணிக்கை. குட்ரீட்ஸ் 2011இல் வருடாந்தர வாசிப்புச் சவாலைத் தொடங்கியது. இந்த வருஷம் இத்தனை புத்தகம் என்று நீங்களே ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். எத்தனை முடிந்தது, எத்தனை பின்தங்கியிருக்கிறீர்கள் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். தமிழ் முகநூல் குழுக்களிலும் வாசிப்பு மாரத்தான் என்று வந்தது. ஒரு புத்தகத்துக்கு ஒரு பதிவு, பதிவுக்கு ஒரு வரிசை எண். பலரைப் படிக்கவைத்தது என்பதில் சந்தேகமில்லை, பத்து வருஷமாகப் புத்தகத்தையே தொடாதவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். ஆனால் எண்ணுவது என்று வந்துவிட்டால் எண்ணத் தோதான புத்தகங்களுக்குத்தான் மவுசு. நவம்பருக்கு மேல் குறுநாவல்களும் அறுபது பக்கக் கவிதைத் தொகுப்புகளும் வேகமாக ஏறும். எண்ணூறு பக்க ரஷ்ய நாவலும் ஒன்று, காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும் சிறு வெளியீடும் ஒன்று என்றால் வேறெப்படி நடக்கும்? மறுவாசிப்பை எண்ணலாமா என்று தயங்குகிறவர்களும் உண்டு. ஒரே நாவலை நாலாவது முறை படிக்கிற ஆள் இந்தக் கணக்கில் சோம்பேறி.

கேட்டது படித்ததாகுமா என்பது இன்னொரு ஓயாத வழக்கு. யூடியூபில் பொன்னியின் செல்வனை முழுக்க வாசித்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் படத்தின் முதல் பாகம் வந்தபோது, சமையல் செய்துகொண்டும் பஸ்ஸில் போய்க்கொண்டும் கேட்டே முடித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் 'படித்தேன்' என்று எழுதினால் யாராவது வந்து திருத்துவார்கள். வாரப் பத்திரிகை வந்ததும் வீட்டில் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலத்தில் இப்படி யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பட்டியலில் வராத வாசிப்புதான் தமிழில் எப்போதும் பெரியது. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களை யார் படித்தார்கள்? ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேல் நாவல் எழுதியிருக்கிறார். ரமணிசந்திரனின் குடும்ப நாவல்களை அம்மாவும் மகளும் மாற்றி மாற்றிப் படித்த வீடுகள் எத்தனையோ. இன்று அந்த வாசகிகள் பிரதிலிபி போன்ற செயலிகளுக்குப் போய்விட்டார்கள். அத்தியாயம் அத்தியாயமாக வரும் கதைக்கு அத்தியாயம் அத்தியாயமாகக் கருத்து எழுதுகிறார்கள். நாயகன் செய்தது சரியில்லை, அடுத்த பகுதி எப்போது வரும், இந்த மாமியாருக்குச் சீக்கிரம் ஒரு முடிவு கட்டுங்கள் என்று எழுத்தாளரோடு நேருக்கு நேர் பேச்சு. நள்ளிரவிலும் நடக்கும். ஆனால் வருஷக் கடைசியில் 'நான் படித்த சிறந்த பத்து' என்று இலக்கியக்காரர்கள் போடும் பட்டியலில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது. இரண்டையும் படிக்கிறவர்கள்கூட ஒன்றைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், தமிழ் வாசிப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கிற யாரும் அந்தக் கருத்துப் பெட்டிகளைத்தான் முதலில் படிக்க வேண்டும். அங்கே யாரும் யாருக்கும் படம் காட்டுவதில்லை.

ஆங்கில உலகத்தில் இந்தக் கூச்சத்தை உடைத்தது டிக்டாக். காதல் நாவலைப் படித்து அழுகிற முகத்தை அப்படியே வீடியோவாகப் போட்டார்கள்; பழைய புத்தகங்கள்கூட மறுபடி விற்பனைப் பட்டியலில் ஏறின. இந்தியாவில் 2020 ஜூனில் டிக்டாக்குக்குத் தடை வந்துவிட்டதால் இங்கே அந்த அலை இன்ஸ்டாகிராம் வழியாகச் சுற்றித்தான் வந்தது. இன்ஸ்டாகிராமிலோ அழுகைக்கு முன் அட்டைப்படத்தின் அழகு வந்துவிடுகிறது.

நட்சத்திரத்தை ஆயுதமாக்குகிற கதையையும் சொல்லிவிடலாம். 2023 ஜூனில் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட், ரஷ்யாவைக் களமாகக் கொண்ட தன் புது நாவலை வெளியிடாமலே நிறுத்திவைத்தார். உக்ரைன் போர் நடக்கும்போது இப்படி ஒரு நாவலா என்று நூற்றுக்கணக்கானவர்கள் குட்ரீட்ஸில் ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். புத்தகம் அச்சாகவே இல்லை. படிக்காமலே தீர்ப்புச் சொல்வது நமக்கும் புதிதில்லை என்பதால் இதை நீட்ட வேண்டாம்.

சரி, பிறகு எந்தப் பதிவைத்தான் நம்புவது? சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்து வெளியிட்டார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். எது நல்ல நூல் என்ற கேள்வியே அந்த ஐந்தில் இல்லை. யாருக்கு எது என்பதுதான் நூலகரின் வேலை. அந்த வேலைக்கு நட்சத்திரம் உதவாது, ஆளைப் பற்றிய தகவல்தான் உதவும்.

'அருமையான நாவல், அவசியம் படியுங்கள்' என்ற பதிவில் எனக்கு எதுவும் கிடைப்பதில்லை. 'தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு ரயிலில் போகும்போதுதான் படிக்கிறேன், நின்றுகொண்டே படிப்பதால் நீளமான வாக்கியம் என்றால் விட்டுவிடுகிறேன், இதை விடவில்லை' என்று ஒருவர் எழுதினால் நிறையக் கிடைக்கிறது. முன்னால் எது பிடித்தது, எத்தனையாவது பக்கத்தில் மூடிவைத்தார், ஏன் மூடினார், அப்போது வீட்டில் என்ன நிலைமை. பாதியில் விட்டதைச் சொல்கிறவர் சொன்னால் முடித்ததையும் நம்பலாம். ஆனால் தமிழில் அதைச் சொல்லத் தயக்கம் அதிகம். எழுத்தாளர் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறார். தளங்களும் இதற்கு ரொம்ப நாள் இடம் கொடுக்கவில்லை. குட்ரீட்ஸ் தொடங்கியபோது கொடுத்தது மூன்றே அலமாரிகள்: படித்தது, படிப்பது, படிக்க நினைப்பது. விட்டுவிட்டதற்கு நாமே தனியாக ஒரு தட்டு செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2019இல் லண்டனைச் சேர்ந்த நாடியா ஒடுனாயோ தொடங்கிய ஸ்டோரிகிராஃப் இதையெல்லாம் யோசித்திருக்கிறது. பாதியில் விட்டதற்கு இடம் உண்டு, கால் நட்சத்திரம் உண்டு, கதை மெதுவாக நகருமா விறுவிறுப்பா, மனசைக் கனக்கச் செய்யுமா என்றெல்லாம் குறிக்கலாம்.

தாங்கள் எப்படிப் படிக்கிறோம் என்பதைத் துளிக் கூச்சமும் இல்லாமல் சொல்கிற ஒரு கூட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். 2024 குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். இருநூறு கேள்வியில் நூறு தமிழ். அதற்காக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை பாடப்புத்தகத்தை வரிவரியாகப் படிக்கிறார்கள். சங்கப் பாடலிலிருந்து புதுக்கவிதைவரை எல்லாம் அதில் வந்துவிடும். யூடியூபிலும் டெலிகிராமிலும் அவர்கள் பகிர்வதைப் பார்க்க வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தேன், எந்த இயலை எத்தனையாவது முறை திருப்பினேன், எந்த வண்ணப் பேனாவில் கோடு போட்டேன், எது எத்தனை தடவை படித்தும் மறந்துபோகிறது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. காலையில் இடம் பிடிக்கத் தாமதமானால் வராந்தாவில்தான் உட்கார வேண்டும்.